ஆளில்லா வண்டியின் ஆள்

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில், இரண்டாயிரத்து ஆறாம் வருடம், ஆளில்லாமல் ஓடும் வண்டி ஒன்று வந்து இறங்கியது. உடனே அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

சிரிக்க வேண்டாம். இன்சூரன்ஸ்காரர்கள் அப்படித்தான் சொல்லிவிட்டார்கள். ஓட்டுவதற்கு ஆள் வேண்டாம். ஆனால் லாரி லைசென்ஸ் உள்ள ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார வந்தவர்தான் ராயபுரத்து சிலுவைமுத்து.

வண்டியைக் கொண்டுவந்த இஞ்சினியர் குணசேகரன் பாடம் எடுத்தார். வயிற்றில் ஒரு கேமரா; தரையில் அடித்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வண்டி போகும். மூக்கில் ஒரு கண்ணாடிக் கண்; எதிரே எது நின்றாலும் வண்டி தானாக நிற்கும். சொன்னதோடு விடாமல் குணசேகரனே கைகட்டி எதிரே நின்று காட்டினார். வண்டி நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். குனிந்து நின்று யாரும் சோதிக்கவில்லை. இஞ்சினியர்கள் குனிவது அபூர்வம்.

“நீங்க எதையும் தொட வேணாம். ஆபத்துன்னா மட்டும் இந்த சிவப்பு பட்டன். அதுக்கும் அவசியம் வராது.”

“அப்ப பட்டன் எதுக்கு சார்?”

“அவசியம் வந்தா.”

சிலுவைமுத்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஆயுசு முழுக்க டிரெய்லர் ஓட்டிய கைகள். மடியில் கிடந்தால் அடுத்தவர் கை போலிருந்தது. அந்தக் காலத்தில் பக்கத்து சீட்டில் கிளீனர் பென்னி இருப்பான். சாத்தாங்காட்டுக்கு இரும்பு ஏற்றிப் போகும் வழியெல்லாம் வாய் மூட மாட்டான். இந்த வண்டிக்கு ஒரே சீட்டு. வீட்டிலோ மனைவி ரோசி சுவரில் படமாகி வருடங்கள் ஆகிவிட்டன. மகள் சாண்ட்ரா மஸ்கட்டிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் போன் செய்வாள். “சாப்டியாப்பா?” “சாப்ட்டேம்மா.” அத்தோடு அந்த வாரத்துப் பேச்சு தீர்ந்துவிடும்.

மற்ற நாள்களுக்கு யார்டைப் பெருக்கும் கெங்கம்மாதான். வண்டி அவளைக் கடக்கும்போதெல்லாம் துடைப்பத்தை நிறுத்தி ஒரு வார்த்தை விடுவாள்.

“இன்னா சிலுவ, குந்திகினே கீற. மூலம் வந்துரப் போவுது.”

“நீ குனிஞ்சிகினே கீற. உனுக்கு மட்டும் இன்னா வருமாம்?”

“ம்... மாப்பிள்ள வருவான்.”

இவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் ராயபுரம் பஸ்ஸில் அதை நினைத்து ஒருமுறை சிரிப்பார். ராத்திரி சோற்றுக்கு முன்னால் இன்னொரு முறை.

ஒரு நாள் குணசேகரன் வந்து சொன்னார்: “டெல்லிலேர்ந்து அதிகாரி வர்றார். பட்டனை அழுத்தாம வண்டி ஒரு சுத்து வந்துட்டா பர்மிஷன் கிடைச்சிடும். ரிட்டயர் ஆகிற வரைக்கும் இந்த சீட்டு உங்களுக்குத்தான். அழுத்திட்டீங்கன்னா வண்டியும் போயிடும், நீங்களும் வீட்டுக்குப் போகணும்.”

வீடு என்றதும் சிலுவைமுத்து மடியிலிருந்த கைகளை இன்னும் இறுக்கிக் கோத்துக்கொண்டார். அங்கே அவரைக் கிண்டல் செய்யக்கூட நாதியில்லை.

பெரிய மனிதர் வரும் வழியில் பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. கிருமி சாகிறதோ இல்லையோ, பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கோடு விழுந்தால்தான் வந்தவருக்கு வந்தது போலிருக்கும். யாரும் சொல்லாமலே கெங்கம்மா கூடையும் பவுடருமாக வந்து நின்றாள்.

“கோட்ட நேரா போடு கெங்கம்மா. என் பொழப்பு இதுல கீது.”

“நான் போட்டா ஸ்கேல் வெச்சா மாரி வரும், பாத்துக்கினே இரு.”

சொன்னபடியே போட்டாள். தரையில் அடித்த பெயின்ட் கோடு டயர் தேய்த்தும் நிலக்கரித் தூசி படிந்தும் மங்கிப் போயிருந்தது. கெங்கம்மாவின் கோடு அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, பளிச்சென்று, ஷாமியானாவுக்குள் அதிகாரியின் நாற்காலி வரை போயிற்று.

வண்டி கிளம்பியது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கணம் யோசித்தது. பிறகு, நல்ல கோடு எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு ஷாமியானா பக்கம் திரும்பியது. மாலை போட வரும் வட்டச் செயலாளர் போல அவ்வளவு பணிவான வேகம். அதிகாரியைப் பார்க்கத்தான் வருகிறது என்று எண்ணிச் சபை கை தட்டியது. குணசேகரனின் முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை.

கோட்டின் முனையில் முதுகைக் காட்டிக் குனிந்து, விட்டுப்போன இடத்துக்குப் பவுடர் தூவிக்கொண்டிருந்தாள் கெங்கம்மா.

சிலுவைமுத்து பார்த்தார். வண்டியும் பார்க்கும், அதற்குத்தான் கண் இருக்கிறதே என்று காத்தார். குனிந்த முதுகு அந்தக் கண்ணுக்குக் கீழே இருந்தது. வண்டி வேகம் குறைக்கவில்லை. மடியிலிருந்த கை எழுந்தது, சீட்டை நினைத்துத் தாழ்ந்தது. அவள் கூடையை நகர்த்திக்கொண்டு பின்னால் ஓரடி வைத்தாள்.

அவர் பட்டனில் குத்தினார்.

பவுடர் கூடையை மட்டும் நசுக்கிவிட்டு வண்டி நின்றது. வெள்ளைப் புகை எழும்பி அதிகாரியின் மீசை வரை படிந்தது. குணசேகரன் மைக்கைப் பிடுங்கினார். “பார்த்தீங்களா சார், எதிர்ல ஆள் இருந்ததும் தானா நின்னுடுச்சு.”

இருமலுக்கு நடுவே கைதட்டல். பர்மிஷன் கிடைத்துவிட்டது. குணசேகரன் வண்டியருகே வந்து குரலைத் தாழ்த்தினார்: “நீங்க எதையும் தொடலை. சரியா?”

கூட்டம் கலைந்ததும் கெங்கம்மா வந்தாள். முகமெல்லாம் பவுடர்.

“சிலுவ, நெசத்த சொல்லு. நீ நிறுத்துனியா, அதுவா நின்னுச்சா?”

அவளிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் எண்ணூர் முழுக்கத் தெரிந்துவிடும். அவர் மடியைப் பார்த்தார்.

“அதுவா நின்னுச்சு.”

கெங்கம்மா வண்டியின் மூக்கைத் தடவிக் கொடுத்தாள். “நல்லாருடா நைனா,” என்றாள். இடுப்பிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, அந்தக் கண்ணாடிக் கண்ணிலேயே பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் பேசுவதெல்லாம் வண்டியிடம்தான். “இன்னா ராசா, வெயில்ல சுத்துறியே.” உள்ளே உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் வண்டி அவளைக் கடந்துவிடும். காலையில் அவள் புதுப்பொட்டு வைத்துவிட்டுப் போனதும் சிலுவைமுத்து இறங்கித் துண்டால் அதைத் துடைப்பார். பொட்டு இருந்தால் வண்டிக்குக் கண் தெரியாது.

ஒரு நாள் அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“அது பொட்ட எதுக்குய்யா அழிக்கிற? சும்மா குந்திகினு துன்ற உனுக்கு, வேல செய்றத பாத்தா வயித்தெரிச்சல்.”

பல வாரங்களுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசியது அதுதான். அன்று ராயபுரம் பஸ்ஸில் அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.