பன்னிரண்டு மணிக்குப் போகிறவள்

பிரசவ விடுமுறை முடிந்து ஆஸ்பத்திரி வாட்டுக்குத் தாதி வேலைக்குத் திரும்பியபோது, பால் கொடுக்கும் தாய் என்பதால் பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வீட்டுக்குப் போகும் உரிமை எனக்கு இருந்தது. காலைப் பணி ஒரு மணிக்கு முடியும். நான் பன்னிரண்டுக்கே போகலாம். விதி அப்படித்தான் சொன்னது. எங்கள் தாதியர் சங்கத்து அண்ணையும் அதைத்தான் சொன்னார். ஆனாலும் நேரம் நெருங்கினால், எதையோ களவெடுத்துக்கொண்டு போகிறவளைப் போலத்தான் கைப்பையைத் தூக்குவேன். நோயாளரைப் பார்க்க ஆட்கள் வரும் நேரமும் அதுவே. அவர்கள் சாப்பாட்டுப் பைகளோடு உள்ளே வர, நான் எதிரே வெளியே போவேன்.

நான் போனால் வாட்டில் மிஞ்சுவது மூத்த தாதியான அக்கா மட்டும்.

“எங்கடை காலத்திலை உந்த மணித்தியாலம் எங்கையடி இருந்தது? ஓடு ஓடு, பிள்ளை வீட்டைத் தூக்கி நிமித்தப் போகுது,” என்று சிரிப்பார். அது சிரிப்புத்தானா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போவேன்.

ஜன்னலோரக் கட்டிலில் ஓர் ஐயா இருந்தார். சுன்னாகப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்தவர். காய்ச்சலில் தடுமாறி எழும்புவார் என்பதால் கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்தியே வைத்திருந்தோம். கம்பியின் கொளுக்கி உடைந்து கனகாலம். பண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டுவோம். திருத்தித் தரும்படி கேட்டுக் கேட்டு அலுத்து, முடிச்சுப் போடுவதையே தாதிமாரின் வேலையாக்கிவிட்டிருந்தோம். பயிற்சிக்கு வந்துபோன தாதிப் பிள்ளைகளுக்கு அந்த முடிச்சை நானே பழக்கியிருக்கிறேன்.

ஒருநாள் நான் புறப்பட்ட பிறகு, அக்கா மறுமூலையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஐயா விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. அக்காவின் அழைப்பு வந்தபோது மகள் என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ போகேக்கை கம்பி கட்டியிருந்ததுதானே?”

“ஓம் அக்கா, கட்டினனான்.”

அழைப்பை வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. கட்டினேனா? முந்தின நாள் கட்டியதுதான் நினைவில் நிற்கிறதா? ஒரே முடிச்சைத் தினமும் போடும் கைக்கு இன்றைய முடிச்சு எது, நேற்றைய முடிச்சு எது?

மறுநாள், தாதியருக்கெல்லாம் தலைவியான மேற்றன் கூப்பிட்டனுப்பினார். நான் நிரந்தரமாக்கப்படாத ஊழியர். குற்றம் என்மேல் விழுந்தால் வேலையே போகலாம். தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்றுதான் புறப்பட்டேன். பெரியவர்களுக்கு மனவருத்தம் என்றால் பிழை யாருடையது என்று பார்க்காமல் முதலில் மன்னிப்புக் கேட்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். பக்கத்து வாட்டில் ஆண் தாதியான சங்கத்து அண்ணை படிக்கட்டில் மறித்தார்.

“எங்கை தங்கச்சி, தேவாரம் பாடவோ போறீர்? முகத்தைப் பார்த்தா அப்பிடித்தான் இருக்கு.”

“மன்னிப்புக் கேட்டா முடிஞ்சிடும் அண்ணை.”

“முடியாது. நீர் பிழையை ஒத்துக்கொண்டதாத்தான் எழுதுவினம். துணைக்கு ஓராளைக் கூட்டிக்கொண்டு போக உமக்கு உரிமை இருக்கு. நான் வாறன். தெரிஞ்சதைத் தெரியுமெண்டும் தெரியாததைத் தெரியாதெண்டும் சொல்லும். அவ்வளவு காணும்.”

மேற்றன் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“கம்பியைக் கட்டினீரோ?”

“கட்டினதாத்தான் நினைவு, மிஸ். சத்தியம் பண்ண ஏலாது.”

அண்ணை கேட்டார்: “அந்தக் கம்பியை ஏன் மிஸ் துணியாலை கட்ட வேண்டியிருக்கு? அந்த மணித்தியாலத்துக்கு இன்னொரு தாதி ஏன் இல்லை?”

மேற்றன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “நானும் பிள்ளை பெத்தனான். ஆக்கள் இல்லாத வாட்டை நான்தான் நடத்தவேணும். பிள்ளைக்கு ஒரு வயசாகுமட்டும் அந்த மணித்தியாலத்தை விட்டுக்குடும். இதைப் பெரிசாக்காமல் முடிச்சுவிடுறன்.”

அவர் கேட்டது நியாயமாகவே பட்டது, அதுதான் கஷ்டம். ‘ஓம் மிஸ்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் வேலை தப்பும். மகள் போத்தல் பாலுக்குப் பழகிவிடுவாள், எத்தனையோ பிள்ளைகள் பழகின. ஆனால் எனக்குப் பிறகு இந்த வாட்டில் வேலைக்கு வரும் தாயிடம், முன்னே இருந்தவள் விட்டுக்கொடுத்தாளே என்றுதான் சொல்வார்கள். இதெல்லாம் அப்போதே யோசித்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா தெரியாது. அந்த நொடியில் நெஞ்சில் பால் கட்டி வலித்தது மட்டும் நிச்சயம்.

“இல்லை மிஸ். எனக்கு அந்த நேரம் வேணும்.”

“அப்ப விசாரணை நடக்கும்,” என்றார்.

“நடக்கட்டும் மிஸ்,” என்றார் அண்ணை.

விசாரணை இன்னும் முடியவில்லை. என்ன முடிவு வரும் என்று அண்ணைக்கும் தெரியாது.

மேற்றனைப் பார்த்துவிட்டு வந்த அன்றும் பன்னிரண்டு மணி வந்தது. அக்காவோடு கட்டில் கட்டிலாக நடந்து நோயாளரை அவர் பொறுப்பில் பாரம் கொடுத்தேன். சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த ஐயா கண்மூடிக் கிடந்தார். கம்பியின் முடிச்சை நான் இழுத்துப் பார்த்தேன். அக்காவையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். கால்மாட்டில் நின்ற ஐயாவின் மகள் என் கைப்பையைப் பார்த்தாள்.

“இண்டைக்கும் வெள்ளனப் போறீங்களோ, மிஸ்?”

அவளிடம் விதியைச் சொல்ல முடியவில்லை. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் தடுத்தேன்.

“ஓம்,” என்றேன். “என்ரை பிள்ளைக்குப் பால் குடுக்கவேணும்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தகப்பனின் போர்வையை இழுத்துவிட்டாள். நான் போனேன்.