என் யானை வேஷத்துக்கு ஏமாறாத பெட்டி

இந்த வயதில், மலேசியாவில் பாலிங் ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், இன்று காலை கான்வாஸைப் போர்த்திக்கொண்டு யானைபோல் நாலு காலில் நடந்தேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஆராய்ச்சி செய்யும் கவிதா, யானை வந்தால் கத்தும் கேமரா பெட்டி ஒன்றை மரத்தில் கட்டியிருக்கிறார்.

“ஏம்மா, இங்க லைனே கிடையாது. இது யாருக்குப் போன் போட்டுக் கேக்கும்?”

“யாரையும் கேக்காதுண்ணே. கத்துக்குடுத்தத வச்சு அதுவே முடிவு பண்ணும்லா. ஆனா சும்மா சும்மா கத்துச்சுன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அப்புறம் நெசமா யானை வந்தாலும் ஓட மாட்டீங்க. அதான், ஏமாத்திப் பாருங்க.”

பிளிறியும் பார்த்தேன். பெட்டி கத்தவில்லை. கவிதா கையில் வைத்திருந்த திரையில் ‘மனிதன்’ என்று வந்தது. என் வீட்டுக்காரிகூட இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை.

கெட்டிக்காரப் பெட்டி. இனி அது கத்தினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

அடுத்து காட்டுப்பன்றி வேஷத்துக்கு ஆள் வேண்டுமாம். யார் வருகிறீர்கள்?

அப்போது ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ராமு அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு ஓடியவர்தான், இன்னும் திரும்பவில்லை.

அண்ணே, உங்கள் வாளி பத்திரமாக இருக்கிறது. பால் இல்லை.