மெய்க்காவலரின் பயணப்படி

அறுபதுகளின் நடுவில், உத்திரமேரூரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். என் பொறுப்பில் மூன்று அலமாரிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே பூட்டு உண்டு. அதற்குள் இருந்தவை ஒரே ஒரு போலீஸ்காரரின் பயணப்படி பில்கள்.

எந்தத் தேதியில் எந்த ஊருக்குப் போனார், எதில் போனார், எங்கே தங்கினார் என்பதே அந்த பில்லின் விவரம். வேறொரு போலீஸ்காரருடையதாக இருந்தால் அதில் சுண்டல் மடித்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அது அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். நெல் பதுக்கும் ஆலைகளைச் சொல்லாமல் கொள்ளாமல் சோதிக்க ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டிருந்தார். ஓர் ஆலையில் அவரை நோக்கி மூட்டை தூக்கும் கொக்கி ஒன்று பறந்து வந்தபின், அவருக்கு ஒரு மெய்க்காவலர் தரப்பட்டார். மெய்க்காவலர் போன ஊரெல்லாம் அதிகாரி போன ஊர். ஆகவே அவர் ஏறிய பஸ்ஸின் டிக்கெட்டும் சர்க்கார் ரகசியம் ஆயிற்று.

காலையும் மாலையும் ஈசன் புகழ் பாடுகிற நாக்கு பொய் சொல்லலாகாது என்பது என் விரதம். அதே நாக்கு, அந்த அலமாரியைப் பொறுத்தவரை, உண்மையும் சொல்லலாகாது என்பது மேலதிகாரியின் உத்தரவு. இவ்விரண்டுக்கும் பகை உண்டாகும் என்று எட்டு மாதம் வரை எனக்குத் தோன்றவில்லை. ஆலைத் தரகர் ஒருவர் மட்டும் வாரந்தோறும் ஜன்னலோரம் வந்து, "இன்னா சாமி, இந்த வாரம் மழை பெருநகர் பக்கமா, புள்ளலூர் பக்கமா?" என்று வானிலை விசாரிப்பார். "பெய்யும்போது தெரியும்" என்பேன். அது பொய்யன்று.

எங்கள் தெருவில் பட்டு நெய்யும் ஒருவரை நான் அண்ணன் என்றே அழைத்துவந்தேன். மாலையில் சிவன் கோயிலில் நாங்கள் இருவரும் சேர்ந்து பதிகம் பாடுவோம். முதல் அடி அவருடையது. இரண்டாம் அடி என்னுடையது. இப்படியே பன்னிரண்டு ஆண்டுகள் பாடியிருந்தோம். அவருடைய மூத்த மகளுக்கு அந்த மெய்க்காவலரையே மாப்பிள்ளையாகப் பேசி முடித்தார்கள். பாக்கு வெற்றிலை மாற்ற நாளும் குறித்தாயிற்று. அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் என் வீட்டுக்கு வந்து உட்காராமல் நின்றார்.

"தம்பி, அந்தப் பையன் தாமல் ஊர்ல ஒரு வூட்லேர்ந்து வர்றத என் மச்சான் பார்த்துக்கீறான். ஒரு தபா இல்ல, மூணு தபா. உடுப்பு இல்ல, வேட்டி, துண்டு. அந்த வூட்ல ஒரு பொம்பள தனியா கீறாளாம். அவன் கணக்கெல்லாம் உன் கையில்தான கீது. இன்னா சமாச்சாரம், சொல்லு."

சமாச்சாரம் எனக்கு எழுத்து வடிவில் தெரியும். அரசு விடுதி இருக்கத் தனியார் வீட்டில் தங்கியதற்கு விளக்கம் கேட்டு நானே எழுதியிருந்தேன். வந்த பதில் இது: 'மேற்படி வீட்டின் கொல்லை ஜன்னலிலிருந்து ஆலையின் பின்கதவு தெரியும். அதிகாரியும் உடன் தங்கினார். வீட்டுக்காரிக்கு வயது எழுபது, காது கேளாது, எனவே இடம் பாதுகாப்பானது.' அதன் கீழே அந்த அம்மாளின் கைநாட்டு.

இதில் ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அண்ணன் உட்கார்ந்து மோர் குடித்திருப்பார். மறுநாள் அதை மச்சானிடம் சொல்லியிருப்பார். அதற்கு மறுநாள் ஆலையின் பின்கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்திருக்கும்.

"அது என்னைக் கேக்கக்கூடாத விஷயம், அண்ணே."

"என் பொண்ணு வாழ்க்கைடா! வேற யாரப் போயி கேப்பேன்?"

நான் உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தேன். அவர் அதைத் தொடாமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை சந்நிதியில் தீபாராதனை முடிந்ததும், அண்ணன் தம் மடியிலிருந்து ஒரு கற்பூரக் கட்டியை எடுத்து ஏற்றினார்.

"நீ ஒண்ணும் விளக்க வேணாம். அவன் யோக்கியன்னு இத அணச்சு சத்தியம் பண்ணு, போதும்."

அவர் யோக்கியர் என்பதை நான் அறிந்தது அந்தப் பூட்டிய அலமாரிக்குள்ளேதான். வெளியே அவரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் அவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. உள்ளே இருப்பதை வைத்துச் செய்தால், உள்ளே இருப்பதைச் சொன்னதாகும். இறைவனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவர் எதையும் மச்சானிடம் போய்ச் சொல்வதில்லை. நான் கை நீட்டாமல் நின்றேன். கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது.

"சரி. தெரிஞ்சுபோச்சு" என்றார் அண்ணன்.

அன்று பதிகத்தின் முதல் அடியையும் இரண்டாம் அடியையும் அவரே பாடினார். மூச்சு வாங்கியது, ஆனாலும் எனக்கு இடம் விடவில்லை. மறுநாள் காலையில், பெருநகரில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லப்போகிறார்கள் என்று தெருவே பேசிற்று. என் மௌனத்தால் ஒரு நல்ல மனிதர் கெட்டவராகிவிட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

மத்தியானம் அந்தப் பெண்ணே என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தாள். பள்ளி இறுதிவரை படித்தவள். தறிவேலையின் சாயம் விரல்களில் இருந்தது.

"சித்தப்பா, ஒண்ணு கேக்கறேன். போன வருசம் எங்க அத்தை பொண்ணுக்குப் பார்த்த மாப்ள குடிகாரன்னு யாரு வந்து சொன்னது?"

"நான்தான்."

"யாராச்சும் உங்களக் கேட்டாங்களா?"

"இல்லை."

"கேக்காமலே வந்து சொன்னவரு நீங்க. இவரு தாமல்ல வேற வூடு வச்சிக்கினு இருந்தா, அது சர்க்கார் ரகசியமா? எங்கப்பா கேக்கறதுக்கு முன்னாடியே வந்து கத்தியிருப்பீங்க. கேட்டும் வாய் தொறக்கலன்னா, அங்க நடக்கறது சர்க்கார் வேலை. சரிதானே?"

நான் மேசைமேலிருந்த குண்டூசிகளை எண்ணத் தொடங்கினேன்.

"பார்த்தீங்களா, இப்பவும் பேசல" என்றாள். "நான் அப்பாகிட்ட சொல்லிக்கிறேன். இன்னா சர்க்கார் வேலைன்னு எனக்கு வேணாம். நீங்க எண்ணுங்க."

அவள் வீட்டில் என்ன பேசினாளோ, பெருநகருக்குப் போகவிருந்த ஆள் போகவில்லை. குறித்த நாளில் பாக்கு வெற்றிலை மாறியது. மாலையில் அண்ணன் முதல் அடியைப் பாடிவிட்டு நிறுத்தினார். நான் இரண்டாம் அடியை எடுத்தேன். அதைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

ஆயினும் ரகசியம் ஒன்று என் வழியாக வெளியேறிவிட்டதே என்று மனம் உறுத்தியது. மேலதிகாரியிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"என்ன சொன்னீர்?" என்றார்.

"ஒன்றும் சொல்லவில்லை, சார்."

"பிறகு எப்படித் தெரிந்தது?"

"ஒன்றும் சொல்லாததால் தெரிந்தது, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இனிமேல் யாராவது கேட்டால் பேசாமல் இருக்காதீர். வேறு எதையாவது பேசும்" என்றார். அதை எழுத்து மூலம் உத்தரவாகத் தரக் கேட்டேன். மறுத்துவிட்டார்.

ஆடி கழிந்து கல்யாணம் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளை என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மாமா, தாமல் சமாச்சாரத்த இவ தெரிஞ்சி வச்சிக்கினு கீறா. கேட்டா சிரிக்கறா. யாரு சொன்னது?"

வேலை விஷயமாகத்தான் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மேலதிகாரியின் சொல்லை நினைத்துக்கொண்டு, அப்பளம் நமத்துப்போயிருக்கிறது என்றும், கூட்டில் உப்பு சற்றுக் கூடுதல் என்றும், பூசணிக்காயை இன்னும் சிறிதாக நறுக்கியிருக்கலாம் என்றும் விரிவாகப் பேசினேன்.

மாப்பிள்ளை கை பிசைந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நெய் ஊற்றிக்கொண்டு வந்த அண்ணன் நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி, அன்னிக்கு அவ்ளோ கேட்டும் வாயே தொறக்காதவன், சோத்துக்கு மட்டும் இம்மாம் பேச்சு பேசறியே" என்றார்.