வீடு கொள்ளாம்

பிள்ளையைக் கொண்டுபோய்க் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பவருக்குச் சால்வை போடுவார்கள். இல்லத்திலிருந்து எடுத்து ஒரு வீட்டில் சேர்ப்பவருக்கு வசவுதான். நான் இரண்டாவது ரகம். முதலில் சொந்தக்காரர், இல்லாவிட்டால் இன்னொரு குடும்பம், வேறு வழியே இல்லையென்றால் மட்டும் இல்லம் என்று முறையை மாற்றிவிட்டார்கள். மாற்றியது மேலே இருப்பவர்கள். ஏச்சு கேட்பது பஸ் ஏறி இறங்கும் நாம். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் ஷைனியின் காரியத்தைச் சொல்கிறேன்.

வார்டன் மறித்தார்

ஷைனிக்கு எட்டு வயது. அப்பன் கடலில் போனான், அம்மை மஞ்சள்காமாலையில் போனாள். நாகர்கோவிலில் ஓர் இல்லத்தில் அவளை எங்கள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம்தான் கொண்டுவிட்டது. இப்போது இனயம் கடற்கரையில் மீன் விற்கும் சித்தி மெர்சி, "எம் பிள்ளையைத் தாருங்க" என்று நடையாய் நடக்கிறாள். பண்டிகை லீவுக்கு அங்கே விட்டுப் பார்க்கலாம் என்று கேட்கப் போனேன். வார்டனம்மா வாசலை மறித்துக்கொண்டார். மூன்று வேளைச் சோறு, இங்கிலீஷ் ஸ்கூல், கிறிஸ்துமஸுக்குப் புதுக் கவுன், சித்தியிடம் என்ன உண்டு என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அந்த அம்மா கடைசியில் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

"கொண்டாந்து விட்டதும் நீங்க, கொண்டுபோறதும் நீங்க. இவ என்ன மேடம், லைப்ரரி புக்கா?"

கட்டில் எங்கே

லீவுக்கு விடுமுன் மெர்சியின் வீட்டைப் பார்க்கவேண்டும். இனயத்தில் இறங்கியதுமே, "பிள்ளை பிடிக்கிறவ வந்திருக்கா" என்று தெருவே கூடிவிட்டது. ஒற்றை அறை, ஓர் அடுப்பங்கரை. கதவுக்குப் பூட்டு உண்டா, கக்கூஸ் எங்கே என்று வரிசையாகக் கேட்டேன். மெர்சியின் முகம் சிவந்துகொண்டே போனது. பிள்ளை படுக்கக் கட்டில் எங்கே என்றதும் வெடித்துவிட்டாள்.

"கட்டிலு இல்ல மேடம். உறக்கத்துல அவ காலைத் தூக்கிப் போடுவா, அதுக்கு எனக்க வயிறு உண்டு!"

ஒரு பிஸ்கட்

லீவு முடிந்து குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நின்றோம். ஷைனி எங்கே வளர்வது என்று அவர்கள்தான் முடிவு செய்யவேண்டும். புதிதாய் வந்த உறுப்பினர் வடக்கத்தி மாவட்டத்துக்காரர். நல்ல மனுஷர், பிள்ளைக்கு பிஸ்கட்டெல்லாம் கொடுத்தார். "சித்தி வீடு எப்படிம்மா இருந்தது?" என்றார். "வீடு கொள்ளாம்," என்றாள் ஷைனி. எங்கள் பக்கத்தில் அதற்கு ‘நன்றாக இருக்கிறது’ என்று அர்த்தம். அவரோ பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், வீடு கொள்ளாதாம். ஒரே அறைதானே? இல்லத்திலேயே இருக்கட்டும்," என்றார்.

"சார், அது..." என்று எழுந்தேன். "குழந்தை சொன்னதற்கு நீங்கள் விளக்கம் சொல்லக்கூடாது, உட்காருங்கள்," என்றார். அந்த விதி சரியான விதிதான், அதுதான் கொடுமை! மெர்சி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். ஷைனி ஒன்றும் விளங்காமல் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். வீட்டைப் பற்றிப் பேசமாட்டேன், வேறு ஒரே ஒரு கேள்வி என்று கெஞ்சினேன். பெரிய மனது பண்ணித் தலையாட்டினார். "மக்கா, சார் தந்த பிஸ்கட் எப்படி இருக்கு?" என்றேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் பிள்ளை அவரையே பார்த்துச் சொன்னாள்:

"கொள்ளாம் சார். இன்னொண்ணு தருவியளா?"

கதவுக்குப் பின்னால்

சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரமானது. அப்புறம் இன்னும் நாலு கேள்வி கேட்டுத் தெளிந்து, மெர்சியோடு போகலாம் என்றார். எங்கள் வேலை அதோடு தீராது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மறுபடி போய்ப் பார்க்கவேண்டும். ஷைனிக்கென்று ஒரு கவுன் வாங்கிக்கொண்டு ஆசையாய் இனயம் போனேன். முற்றத்தில் சிப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் எடுத்தாள் ஓட்டம். உள்ளே கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மெர்சி பதறி, "ஏட்டி, மேடம் ஒன்னைக் கொண்டுபோக வரல்ல, திற!" என்று தட்டினாள். உள்ளேயிருந்து அழுகையோடு சத்தம் வந்தது:

"சித்தி, நான் இங்க இல்லைன்னு சொல்லு!"

பிள்ளை நம்மைக் கண்டு ஓடி ஒளிந்தால்தான் காரியம் கைகூடியது என்று அர்த்தமாகும் வேலை உலகத்தில் இது ஒன்றுதான் போலிருக்கிறது.