நீலம் போடாத வெள்ளை

எம் பொண்டாட்டி கோகிலவாணிக்கு என்னைவிட அவ துணிங்க மேலதான் பாசம் ஜாஸ்தி. கள்ளக்குறிச்சியில எங்க வூட்டு முன் ரூமுல பதினோரு வருசமா ஸ்டூடியோ வச்சிருக்கா. போட்டோவுல ஆளுங்களுக்குப் பின்னாடி தொங்குதே, அந்த ஸ்கிரீன் துணி மொத்தம் ஒம்பது. ஒண்ணையும் மடிக்கக் கூடாது. மடிச்சா கோடு வுழுந்து, ஆளு மண்டையில கம்பி பாஞ்ச மாதிரி தெரியும். பைப்புல சுத்தித்தான் வைக்கணும். கொழந்த அது மேல மூத்திரம் போனாக் கூட சிரிப்பா. நான் ஈரக் கையால தொட்டா கத்துவா.

ஆளு உள்ள வரும்போதே மூஞ்சியப் பாத்து, எந்தத் துணின்னு முடிவு பண்ணிடுவா. "வெளுப்பாக்கிக் குடுக்கா"ன்னு கேட்டுக்கினு வர்ற பொண்ணுங்கள பவுடர் கூட போட வுடமாட்டா. மஞ்சாத் துணிய தொங்க வுட்டு எடுத்துக் காட்டுவா. "இது நானா?"ன்னு அதுங்க வாயப் பொளக்கும். "பின்ன பக்கத்து வூட்டுக்காரியா?"ன்னுவா. இந்த வாயி மட்டும் கொஞ்சம் கம்மியா இருந்தா அவ தெய்வம்.

நான் ஆட்டோ ஓட்டுறவன். போன மாசம் அவ திருநாவலூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தா. வெள்ளை ஸ்கிரீன் ஓரத்துல அழுக்கு. பாவம், அவளுக்கு ஒரு வேலை கம்மியாவட்டுமேன்னு அலசி, சொட்டு நீலம் போட்டு, காய வச்சி, சமத்தா சுத்தியும் வச்சிட்டேன். வெள்ளைத் துணிய நீலம் போடாம எவன் தொவைப்பான், நீங்களே சொல்லுங்க?

அடுத்த நாளே கருணாபுரத்துல இருந்து மலர்விழி வந்துச்சி. இருபத்தாறு வயசு, சித்தாள் வேலை. ரெண்டு வருசம் முன்ன புருசன் செத்துட்டான். ஒரு பொண்ணு இருக்குது. அரசாங்க ஆஸ்டல்ல சமையல் வேலைக்கு மனு போடணும், பின்னாடி வெள்ளை வச்ச போட்டோ வேணும்னு கேட்டுச்சி. அந்த வேலை மட்டும் கெடச்சா வெயில்ல கல்லு சுமக்க வேணாம். கோகிலா எடுத்தா. கும்பலா ஆளுங்க காத்துக்கினு இருந்ததால சரியாப் பாக்காமலே பென் டிரைவுல போட்டுக் குடுத்துட்டா.

மனுவுக்குக் கடைசி நாள் காலையில அந்தப் பொண்ணு ஓடியாந்து நிக்குது. பின்னாடி வெள்ளையா இல்ல, திட்டு திட்டா நீலமா இருக்குது, செல்லாதுன்னு முந்தின நாளு சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்லிட்டாங்களாம். அஞ்சு மணியோட மனு முடியுது. அன்னிக்கின்னு பாத்து ஊர்ல கடையடைப்பு. வேற ஸ்டூடியோ, துணிக்கடை எல்லாம் சாத்திக் கெடக்குது. எங்க கம்ப்யூட்டர்லயே மனுவ அனுப்பிடலாம். போட்டோவுக்கு எங்க போறது?

கோகிலா ஸ்கிரீன அவுத்து வுட்டுப் பாத்தா. "இதுக்கு நீலம் போட்டது யாரு?"

"நான்தான்"னேன். கத்துவான்னு பாத்தா, ஸ்டூல்ல ஒக்காந்துட்டா. "இந்தப் பொண்ணு பொழப்புல கை வச்சிட்டோமே"ன்னா. அவ திட்டியிருந்தா தேவலாம்.

கம்ப்யூட்டர்ல பின்னாடிய அழிச்சிப் பாத்தா. மலர்விழிக்கு சுருட்டை முடி. முடியும் காதும் சேந்து அழிஞ்சிபோவுது. எங்க வேட்டி, பெட்ஷீட், பக்கத்து வூட்டு ரங்கம்மாக்கா சேலைன்னு ஒண்ணொண்ணாத் தொங்க வுட்டு எடுத்தோம். எல்லாம் நீலம். சுவத்தப் பாத்தா, சுண்ணாம்புலயே நீலம் கலந்துதான அடிச்சிருக்கோம்! அட கடவுளே, எங்க தெருவுல வெள்ளைன்னு ஒண்ணு இல்லவே இல்ல.

மணி ரெண்டு ஆச்சி. மலர்விழி எங்கிட்ட வந்து, "அண்ணா, ஆட்டோவ எடுங்க. எங்க வூட்ல ஒண்ணு இருக்குது"ன்னுச்சி.

தகரப் பெட்டி அடியில பேப்பர் சுத்தி வச்சிருந்த வெள்ளைச் சேலை. பாத்ததும் எனக்குத் தெரிஞ்சிபோச்சி. கோடி. புருசன் செத்தா தாய் வூட்ல கொண்ணாந்து பொண்டாட்டி மேல போத்துற புதுச் சேலை.

"அன்னிக்கி ஒரு தபா போத்துனாங்க. அப்பறம் நான் தொடல. தண்ணி கூட படல."

"வேணாம்மா, நல்ல காரியத்துக்குப் போயி இத..."ன்னு நான் இழுத்தேன்.

"இதுக்கு மேல எனக்கு இன்னாண்ணா கெட்டுடப் போவுது?"

நான் ஆட்டோவக் கெளப்பிட்டேன்.

கோகிலாவுக்கும் பாத்ததுமே அது கோடின்னு தெரிஞ்சிடுச்சி. மடிப்புக் கோடு ஒண்ணு வுடாம இஸ்திரி போட்டா, பைப்புல மாட்டுனா, ரெண்டு பக்கமும் கிளிப்பு போட்டு இழுத்துக் கட்டுனா. மலர்விழி முன்னாடி வந்து நின்னுச்சி. "தோள எறக்கு. நேரா என்னப் பாரு"ன்னா. அவ கொரலு ஒடைஞ்சிடுச்சி. அப்பிடியே கிளிக் பண்ணா. நாலேகாலுக்கு மனு போய்ச் சேந்துடுச்சி.

கம்ப்யூட்டர்ல அந்தப் போட்டோவ மலர்விழி பாத்துக்கினே இருந்துச்சி. கோகிலா சேலைய அவுத்து, "எடுத்துக்கினு போறியாம்மா?"ன்னு கேட்டா.

"நீங்களே வச்சிக்குங்கக்கா. அன்னிக்கி இத மேல போட்டப்ப எம் மூஞ்சியே மூடிப்போச்சி. இன்னிக்கி பாருங்க, இதுக்கு முன்னாடி எம் மூஞ்சி எவ்ளோ நல்லாத் தெரியுது."

கோகிலா அந்தப் பொண்ண இழுத்துக் கட்டிக்கினா. ரெண்டு பேரும் அழுவுறாங்க. நான் வெளிய போயி, சுத்தமா இருந்த ஆட்டோவ மறுபடியும் தொடச்சிக்கினு நின்னேன்.