தாசம்மாள் நர்ஸின் கத்தரிக்கோல்

தாசம்மாளுக்குப் பேட்டையில் வீடு. ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வலி கண்டவர்களின் வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்ப்பாள். யாருக்குப் பிள்ளை கால் முந்தி வந்தது, யாருக்கு ரத்தம் நிற்கச் சுணங்கியது என்று பத்து வருஷத்துக் கதையை அப்படியே சொல்வாள். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன் கையில் இருந்த சாவி எங்கே என்று கேட்டால் முழிப்பாள்.

ஒரே மழைக்காலத்தில் மூன்று குடை போயிற்று. தெர்மாமீட்டர் ஒரு தடவை அரிசிப் பானைக்குள் கிடந்தது. கணவர் வேதமாணிக்கம் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணமான புதிதில் சத்தம் போட்டார். பிறகு அதை விட்டுவிட்டுப் பேசாமல் கூடவே தேடத் தொடங்கினார். அந்தப் பேசாமைதான் அவளை அதிகம் வதைத்தது. அவளுக்கு அசட்டை என்று சொன்னார்கள். அவளோ கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். பயத்துக்குக் குறைவே இல்லை. எவ்வளவு பயந்தும் பொருள்தான் கையில் நிற்கவில்லை.

முப்பத்தாறாம் வருஷம், இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். ஆரியசாலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த சிவதாணு வில்வண்டி அனுப்பியிருந்தார். மனைவி சரோஜத்துக்கு முதல் பிரசவம். தாசம்மாள் கொதிநீரிலிருந்து கருவிகளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது வண்டிக்காரன் வாசலில் கூப்பிட்டான். எட்டிப் பார்த்து, "இன்னா வாறேன்" என்றாள். திரும்பி வந்து பையை மூடிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் தலை தெரிந்துகொண்டிருந்தது. கருவிகளை எடுத்துப் பரப்ப நேரமில்லை.

"இப்ப முக்காதே மக்ளே. மூச்சை விடு. நான் சொல்லும்போது முக்கினாப் போதும்."

அந்த அரைமணி நேரம் அவள் மனசு இம்மியும் அலையவில்லை. பெண் குழந்தை. நூலை எடுத்துத் தொப்புள்கொடியில் இரண்டு கட்டுப் போட்டாள். மறுபடி பைக்குள் கையை விட்டாள். பஞ்சு இருந்தது, மருந்துச் சீசா இருந்தது. கத்தரிக்கோல் இல்லை. பையைத் தரையில் கவிழ்த்தாள். இல்லை.

கொடியை அறுக்க அவசரம் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கவிழ்த்ததையெல்லாம் இன்னொரு தடவை துழாவினாள். அருகே நின்ற சரோஜத்தின் மாமியார் பிச்சம்மாளிடம் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, வீட்டில கத்தரி உண்டா?"

"துருப்புடிச்சது ஒண்ணு கெடக்கு. பாக்குவெட்டி வேணும்னா இருக்கு."

"பாக்குவெட்டிய நல்லாத் தேய்ச்சுக் கழுவி, கொதிக்கிற தண்ணில போடுங்கம்மா. நான் சொல்லுத வரைக்கும் எடுக்காண்டாம்."

சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிஷம் போகும்வரை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொடியை அறுத்தாள்.

வீட்டுக்கு வந்து அடுப்படி, அலமாரி, தலையணை உறை எல்லாவற்றையும் புரட்டினாள். வேதமாணிக்கம் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினார். கத்தரிக்கோல் கிடைக்கவில்லை. கடைசிவரைக்கும் கிடைக்கவேயில்லை.

அதைவிடப் பெரிய பயம் மனசைப் பிடித்திருந்தது. தொப்புள் வழியாக விஷமேறிப் பிள்ளைக்கு ஜன்னி கண்டால் முதலில் வாய் பூட்டிக்கொள்ளும்; பால் குடிக்க முடியாது. பத்து நாளுக்குள் தெரிந்துவிடும். தாசம்மாள் தினமும் ஆரியசாலைக்கு நடந்தாள். கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் குழந்தையின் வாயில் விரலை வைப்பாள். அது சப்பி இழுத்தால் அன்றைய பொழுது அவளுக்குக் கழிந்தது.

ஆறாம் நாள் உள்ளே நுழையும்போதே சரோஜம் சொன்னாள்: "காலையில இருந்து பால் குடிக்க மாட்டேங்குது நர்ஸம்மா."

தாசம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். கை கழுவிய தண்ணீர் முழங்கை வழியே ஓடியதுகூடத் தெரியவில்லை. விரலை வைத்தாள். தாடை இளகித்தான் இருந்தது. குழந்தை இரண்டு தடவை சப்பிவிட்டு, மூச்சுக்குத் திணறி, வாயைத் திறந்து அழுதது. குனிந்து காதை வைத்துக் கேட்டாள். மூக்கடைப்பு! பஞ்சைத் திரித்து எண்ணெயில் நனைத்து மூக்கைத் துடைத்துவிட்டு, சரோஜத்தின் மார்பில் போட்டாள். குழந்தை மடமடவென்று குடித்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

வாசற்படியில் நின்ற சிவதாணு பதறிப்போனார். "எதுக்காக்கும் அழுகீங்க?"

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் கத்தரிக்கோலக் கொண்டு வரல்ல. எங்கியோ வச்சு மறந்துட்டேன். பாக்குவெட்டியாலதான் கொடி அறுத்தேன். பிள்ளைக்கு ஜன்னி கண்டிருமோன்னு ஆறு நாளாச் செத்துப் பொழைக்கேன்."

அவர் முகம் கறுத்தது. "ஒரு பிள்ளைக்க உயிருல்லா? அதுலயா மறதி? இனிமே இந்த வாசல மிதிக்காண்டாம்."

"சும்மா இருலே" என்றாள் பிச்சம்மாள். "அதத் தேய்ச்சு வேகவச்சது நானாக்கும். எனக்குத் தெரியாத சங்கதியா? இப்ப மூக்கடைப்புன்னு கண்டுபிடிச்சது நீயா? அவ வரட்டும். பத்து நாளும் வந்து பாக்கட்டும்."

சிவதாணு கடைக்குப் போய்விட்டார். அதன்பிறகு அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதேயில்லை. பத்து நாளும் கழிந்தன; குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. பதினோராம் நாள் தாசம்மாள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் தானே போய்ச் சொன்னாள். இன்னொரு தடவை நடந்தால் வேலை இருக்காது என்றார் அவர்.

அந்த வாரமே காடாத் துணி வாங்கி, எட்டுக் கருவிக்கு எட்டுப் பை வைத்துத் தைத்தாள். காலியாக இருந்தால் கண்ணில் படவேண்டும் என்று ஒவ்வொரு பைக்குள்ளும் சிவப்புத் துணி கொடுத்தாள். கிளம்புமுன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பேரை உரக்கச் சொல்லுவாள். வீட்டில் இருந்தால் வேதமாணிக்கம் "உண்டு" என்று பதில் சொல்லவேண்டும். முதல் நாள் இருவருக்கும் வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் அவரே ஒவ்வொரு கருவியின் பேரையும் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற குரலிலேயே கூப்பிட, அவள் "உண்டு" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

துணி வந்தும் பயம் முழுக்கப் போய்விடவில்லை. ஒரு நாள் கரமனைக்குப் பிரசவம் பார்க்கப் போகிற வழியில், கிள்ளிப்பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மடியில் துணியை விரித்து எண்ணினாள். எட்டும் இருந்தன.

"போலாமா அம்மா? மழை வருது" என்றான் வண்டிக்காரன்.

"பொறுப்பா, இன்னொரு தடவ பாத்துக்கிடுதேன்" என்று மறுபடி முதலிலிருந்து தொட்டாள்.