லூர்தம்மாளின் ரத்தம்

பூச்சிமருந்தடிக்கும் நாள்களில் தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கொரு குவளை பால் கொடுப்பார்கள். பால் விஷத்தை முறிக்கும் என்பது ஆள்களை வேலை வாங்கும் கங்காணி வேலப்பனின் வேதம். லூர்தம்மாள் தன் பங்கைக் குடிக்காமல் பிள்ளைகளுக்கு எடுத்துப் போவாள். அதனால் 1982இல் அவள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே எச்சில் ஒழுக விழுந்தபோது எல்லாரும் அவளையே ஏசினார்கள். அவளும் தன்னையே நொந்துகொண்டாள்.

அப்புறம் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். மறுபடியும் விழுந்தாள்.

"ஒரே டிரம்முலதான் ஒங்கூட அடிக்கிற செல்லமும் மருந்து எடுக்குறா. கல்லாட்டம் நிக்கிறா. ஒனக்கு மட்டும் மயக்கமா? நல்லா நடிக்கிற."

"நடிக்கிறவளுக்கு வாயில நொர தள்ளுமா கங்காணி?"

கொழுந்து பறிக்கும் வேலைக்கே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. டாக்டர் கடுதாசி கொண்டுவரச் சொன்னார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் சாரதா அவள் ரத்தத்தைத் தலைநகருக்கு அனுப்பி, இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்.

"பாலு எதையும் முறிக்காதும்மா. முறிக்கிறது உங்க ரத்தத்துல இருக்கு. என்சைம்னு பேரு. ஈரல் செய்யுற புரதம். நூலுருண்டை மாதிரி சுருண்டிருக்கும், அதுல ஒரு குழி. விஷம் அந்தக் குழியில வந்து உக்காந்தா, தண்ணியைச் சேர்த்து ரெண்டா வெட்டிடும். துண்டெல்லாம் மூத்திரத்துல போயிரும். சில பேருக்கு வேகமா வெட்டும். உங்களுக்கு மெதுவா. அதுக்குள்ள விஷம் நரம்புக்குப் போயிருது."

"அப்ப நா நடிக்கல?"

"இல்லம்மா. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

மருந்தடிக்கும் வேலை இவளுக்கு வேண்டாம் என்று டாக்டர் எழுதிய கடுதாசியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆபிசுக்குப் போனாள். தோட்டத்தை நடத்தும் துரை படித்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொல்ல, கணக்கெழுதும் கிராணி தங்கராஜு தமிழில் சொன்னார்:

"மருந்து மேல குத்தமில்லையாம். ஒன் ரத்தத்துலதான் கோளாறாம். சீக்காளிக்குத் தோட்டத்துல வேலை இல்ல. லயத்தக் காலி பண்ணணும்."

தோட்டம் கொடுத்த அந்த லயத்து வீட்டில் நான்கு பிள்ளைகள். புருஷன் இல்லை.

"அந்தத் தாளக் குடுத்துருங்கய்யா. நா மருந்தே அடிக்கிறேன்."

வேலை கொடுத்தார்கள். தாளைக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை மருந்தடிக்கும் பம்பை முதுகில் மாட்டினாள். நான்கு வருஷம் அடித்தாள். எத்தனை தடவை விழுந்தாள் என்று யாரும் எண்ணவில்லை. கடைசியில் விரல் நடுங்கி, சட்டைப் பொத்தான் போடவும் மகள் வேண்டியிருந்தது. நட்டஈடு கேட்டுப் போனவளுக்குத் தங்கராஜு அதே கடுதாசியை எடுத்துக் காட்டினார்.

"வேணாம்னு டாக்டரே எழுதியிருக்காங்க. தெரிஞ்சே நீதானம்மா வந்த?"